உபதேசியார் வாசித்த கவர்

இதுல ஆள் வருதா அண்ணாச்சி? வரலேன்னா நான் உக்காந்துக்கிடுதேன். இல்ல இல்ல, ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க. எனக்கு இந்த ஓரந்தான் வேணும். இங்கேருந்து பாத்தாத்தான் முன்பக்கம் தெரியும்.

கண்டக்டரப் பாத்தியளா? ரெண்டு விசில் குடுத்துட்டு இன்னும் கீழ நின்னு போன் பேசுதான். நான் இதே ரூட்ல பத்தொம்பது வருஷம் கண்டக்டரா இருந்தவன். அருமைநாயகம்னு டிப்போல கேட்டுப் பாருங்க, இன்னிக்கும் தெரியும். விசில் குடுத்தா வண்டி நகரணும். இப்ப யாரு அதெல்லாம் பாக்கா?

சரி, அது கெடக்கட்டும். முன்னால பாருங்க. இடது பக்கம், ரெண்டாவது சீட்டு. வெள்ளச் சேலை, கண்ணாடி, மடியில ஒரு துணிப்பை. மெதுவாப் பாருங்க அண்ணாச்சி, திரும்பிரப் போறா. அவ என் வீட்டுக்காரி. பேரு சுகிர்தம். ஆமா, ஒரே வீட்லேருந்துதான் வாறோம். அவ முன்வாசல்ல ஏறினா, நான் பின்வாசல்ல ஏறினேன். நான் வாறது அவளுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கும். அவளுக்குத் தெரியாம நான் எதுவுமே செஞ்சதில்ல, ஒண்ணே ஒண்ணத் தவிர.

கலெக்டர் ஆபீசுக்குப் போறா. இன்னிக்குத் திங்கக்கிழமைலா, மனு குடுக்க நாள். அந்தப் பையிலதான் மனு இருக்கு. இருநூத்திச் சொச்சம் பேரு கையெழுத்து. ஊர்ல ஒரு வீடு விடல. கதவச் சாத்தினவன் வீட்டுக்குக்கூட ரெண்டாந்தடவ போயிருக்கா. என்கிட்ட மட்டும் கேக்கல. கட்டின புருசன், ஒரே வீட்ல இருக்கேன், அவ வச்ச கொழம்பத்தான் திங்கேன், என் முன்னால ஒரு நாள் அந்தக் காகிதத்த நீட்டல. நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?

அப்பாடா, எடுத்துட்டான். ஒரே விசில். ஒரு விசில்னா நிறுத்துன்னு அர்த்தம். டிரைவருக்குப் பழகிப்போச்சு போல.

நம்ம ஊரு தயாபுரம். பேரப் பாத்தாலே தெரியும், சபை ஊரு. இவ கல்யாணம் ஆன நாள்லேருந்து சபையில பெண்கள் ஊழியம். வீடு வீடாப் போயி ஜெபம் பண்ணுதது, சீக்காளியப் பாக்கது, வேதம் வாசிச்சுக் காட்டுதது. இருபத்திரண்டு வருசம். நல்ல காரியந்தான், யாரு வேண்டாங்கா? ஆனா ஊழியம்னா ஊழியத்தோட நிக்கணுமா இல்லையா? இவ நிக்க மாட்டா. பீடி சுத்துத பொம்பளைகளுக்கு எல நிறுவையில கொறைக்கான்னு கடைக்காரன்கிட்டப் போயி சண்ட போடுவா. கீழக் காலனியில தண்ணி வரலேன்னா யூனியன் ஆபீஸ் வாசல்ல போயி உக்காந்துக்கிடுவா. கேட்டா, "இதுவும் ஊழியந்தாங்க"ன்னு ஒரு வார்த்த. அதுக்கு மேல பேசமாட்டா. சத்தம் போடுதவகிட்டக்கூடப் பேசிரலாம் அண்ணாச்சி, சத்தம் போடாதவகிட்டப் பேசவே முடியாது.

எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சுவரு இருக்கு. இந்தப் பக்கம் மேலத்தெரு, அதாவது நாங்க. அந்தப் பக்கம் காலனிக்காரங்க. எல்லாரும் ஒரே சபைதான், ஒரே ஆராதனைதான். காலனிக்காரங்க கோயில்ல பின்னால உக்காருவாங்க, அவ்வளவுதான். யாரும் உக்காரச் சொன்னது கிடையாது, அவங்களா உக்காருவாங்க. அந்தச் சுவரு எங்க அப்பா காலத்துல கட்டினது. ரோட்டுப் பக்கம் இருக்க கேட்டு நம்ம பக்கம். அவங்க பக்கத்துக்கு ஓடையில இறங்கித்தான் போணும். வேனல்ல ஒண்ணும் தெரியாது. மழைக்காலத்துலதான் கஷ்டம். கல்லறைக் கமிட்டிக்கு நான் செயலாளர். சாவி எங்கிட்ட. பாருங்க, இந்தக் கொத்துல பெருசா இருக்குல்லா, இதான்.

போன கார்த்திகையில, பாக்கியத்தாய்னு ஒரு பீடி சுத்துத பொம்பள, காலனியில, அவ புருசன் செத்துப்போனான். நல்ல மழை. ஓடையில இடுப்பளவு தண்ணி. காலையில சுகிர்தம் எங்கிட்ட வந்து நின்னா. "கேட்டுச் சாவியக் குடுங்க, ரோட்டு வழியாக் கொண்டு போகட்டும்"னா. நான் சொன்னேன், நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாது, கமிட்டியக் கேக்கணும்னேன். கமிட்டித் தலைவரு அன்னிக்கு மதுரைக்குப் போயிருந்தாரு, போன் எடுக்கல. நான் என்ன செய்ய? இவ ஆணியில தொங்கின சாவியப் பாத்தா, என்னப் பாத்தா, போயிட்டா. பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடையில இறங்கினவங்கள்ல ஒருத்தனுக்குக் கால் வழுக்கி, பெட்டி ஒரு பக்கம் சரிஞ்சு தண்ணிக்குள்ள போயிட்டு. தூக்கிட்டாங்க, தூக்கிட்டாங்க. ஒண்ணும் ஆகல. ஆனா பாக்கியத்தாய் கத்தின கத்து மேலத்தெரு வரைக்கும் கேட்டுச்சு.

இவ சாவிய எடுத்திருக்கலாம்லா அண்ணாச்சி? ஆணியிலதான தொங்குச்சு. நானா கையப் பிடிக்கப் போறேன்? எடுக்கல. எடுக்காதது என் தப்பா?

அதுக்குப் பெறவுதான் பஞ்சாயத்துத் தேர்தல் வந்துச்சு. தலைவர் பதவி இந்த வாட்டி பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. இல்லேன்னா நானே நின்னிருப்பேன், அது வேற விசயம். ஒரு நாள் சாயங்காலம் முப்பது நாப்பது பீடிப் பொம்பளைக வீட்டு முன்னால வந்து நின்னுட்டாளுவ. பாக்கியத்தாய் முன்னால நின்னா. "அம்மா, நீங்க நில்லுங்க"ன்னா. நான் உள்ள மூஞ்சி வழிச்சுக்கிட்டு இருக்கேன். முகம் கழுவிட்டு வெளிய வாறதுக்குள்ள இவ "சரி"ன்னு சொல்லிட்டா. என்ட்ட ஒரு வார்த்த கேக்கல!

கோவந்தான் வந்துச்சு. ஆனாலும் பெண்டாட்டி நிக்கான்னு ஆனபெறவு நாமதான பாக்கணும்? அவளுக்கு என்ன தெரியும்? நான் முழுசா இறங்கிட்டேன். சின்னம் மூக்குக்கண்ணாடி கெடச்சுச்சு. போஸ்டர் அடிச்சேன். அவ படம் ஒரு பக்கம், என் படம், அந்தக் காக்கி உடுப்போட எடுத்தது, ஒரு பக்கம். கீழ, "ஓய்வு நடத்துநர் அருமைநாயகம் அவர்களின் துணைவியார்." பின்ன? இவள ஊர்ல யாருக்குத் தெரியும்? என்னத்தான எல்லாருக்கும் தெரியும்? எதுத்து நின்னது தனசிங் காண்ட்ராக்டர் சம்சாரம். அந்தப் பொம்பள மொகத்த ஊர்ல பாதிப் பேரு பாத்திருக்க மாட்டான். அவங்க போஸ்டர்ல தனசிங் படந்தான் பெருசு. வெக்கமில்லாத மனுசன். சிரிக்காதீங்க அண்ணாச்சி, என் போஸ்டர் வேற, அது வேற.

இவ பிரச்சாரம் பண்ணுத லட்சணத்தச் சொல்லுதேன் கேளுங்க. மைக் வேண்டாம்னுட்டா. ஆட்டோ வேண்டாம்னுட்டா. சாயங்காலம் ஆனா பீடித்தட்டு வச்சிருக்க பொம்பளைககூடப் போயி உக்காந்து, எல வெட்டிக் குடுத்துக்கிட்டே பேசுவா. பேசுவாங்கூடச் சொல்ல முடியாது, கேப்பா. "என்ன வேணும், சொல்லுங்க"ன்னு கேட்டு ஒரு பழைய பாட்டு நோட்டுப் பின்னால எழுதிக்கிடுவா. ஒரு வீட்ல ஒரு மணி நேரம். இப்படிப் போனா ஊர என்னைக்கு முடிக்க? நான் வாசல்ல நின்னு கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். டிரிப் டைம் பழக்கம், என்ன செய்ய?

இன்னொண்ணு. கிளம்பும்போது நான் சொல்லுவேன், "ஒரு ஜெபம் பண்ணிட்டு வா, தலையில கை வச்சு. அது மனசுல நிக்கும்"னு. நல்ல யோசனைதான? இவ என்னத்த சொன்னா தெரியுமா? "ஓட்டு கேக்க வந்த வீட்ல நான் ஜெபம் பண்ணமாட்டேன். இருபத்திரண்டு வருசமாப் பண்ணினதெல்லாம் இதுக்குத்தான்னு ஆயிரும்"னா. கையில இருக்க காச வேண்டாங்குத ஆள எங்கயாவது பாத்திருக்கியளா?

எல்லா வீட்லயும் கடைசியில அந்தச் சுவருக்கு வந்துருவா. "நான் வந்தா சுவர எடுக்கணும்னு தீர்மானம் போடுவேன். ரோட்டு வழி எல்லாருக்கும் ஒண்ணுதான்." மேலத்தெருவுல வந்தும் இதே பேச்சு. கேட்டவங்க மொகமெல்லாம் இறுகிப்போச்சு. மேலத்தெருவுல முந்நூத்தம்பது ஓட்டுக்கு மேல இருக்கு அண்ணாச்சி. அது இல்லாம எப்படி ஜெயிக்க?

அதனால நான் ஒரு காரியம் செஞ்சேன். என் தம்பி ஏசுவடியான் வீட்ல மேலத்தெருப் பெரியவங்க ஏழெட்டுப் பேரக் கூப்பிட்டு வச்சுப் பேசினேன். அவளுக்குத் தெரியாது. தம்பிதான் கேட்டான், "அண்ணே, மதினி சுவர இடிப்பேங்காவளே?" "அவ சொல்லுவாடா. செய்யது யாரு? தலைவியா அவ இருந்தாலும் ஆபீஸ்ல போயி உக்காரப் போறது நாந்தான? சுவரு அங்கயேதான் நிக்கும். அதுக்கு நான் ஜவாப்"னேன். எல்லாருக்கும் திருப்தி. காப்பி குடிச்சோம். கை குடுத்தாங்க. வீட்டுக்கு வாற வழியில எனக்கு சந்தோசம் தாங்கல. அவளுக்காகத்தான செய்தேன்? அவ ஜெயிக்கணும்னுதான செய்தேன்?

இங்கதான் அண்ணாச்சி, என் குணம் என்னக் கெடுத்துட்டு. நன்மை நடந்தா ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தாம என்னால இருக்க முடியாது. எங்க கோயில் வாசல்ல ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் இருக்கும். பேரு, காரணம், ரெண்டும் எழுதிப் போடணும். ஞாயித்துக்கிழமை ஆராதனையில அத வாசிப்பாங்க. பேரன் பொறந்தான், காணாமப் போன ஆடு கெடச்சிட்டு, மூட்டுவலி கொறஞ்சிட்டு, எல்லாம் வரும். நான் சர்வீஸ்ல இருக்கும்போது வாரா வாரம் போட்டிருக்கேன். மலைப் பாதையில பிரேக் பிடிக்காம வண்டி தப்பினதுக்கு ஒண்ணு, செக்கிங் வந்த அன்னிக்குக் கணக்கு சரியா இருந்ததுக்கு ஒண்ணு. காரணத்த முழுசா எழுதுவேன். ஆண்டவர்ட்ட அரைகுறையாச் சொன்னா அது ஸ்தோத்திரமா?

அப்படித்தான் இதையும் முழுசா எழுதிட்டேன்.

வழக்கமா எங்க போதகர்தான் வாசிப்பாரு. நீளமா இருந்தா அவரே சுருக்கி, "குடும்ப ஆசீர்வாதங்களுக்காக"ன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. அந்த ஞாயித்துக்கிழமை அவரு வேற ஊர்ல ஆராதனைக்குப் போயிட்டாரு. அவருக்குக் கீழ இருக்க மாசிலாமணி உபதேசியார் வாசிச்சாரு. நல்ல மனுசன். ஆனா எழுத்துல ஒண்ண விடமாட்டாரு. கண்ணாடிய மேல தூக்கிக்கிட்டு, நிறுத்தி நிதானமா, அந்தக் கோயில் முழுக்கக் கேக்க வாசிக்காரு:

"கல்லறைத் தோட்டச் சுவர் எக்காலத்தும் இடிக்கப்படுவதில்லை என்று நான் கொடுத்த வாக்கை ஏற்று, மேலத்தெருப் பெரியோர்கள் என் மனைவி சுகிர்தத்துக்குத் தேர்தலில் ஆதரவு தர ஏகமனதாகச் சம்மதித்தபடியால், அருமைநாயகம், ஓய்வு நடத்துநர், ஸ்தோத்திரம்."

வாசிச்சு முடிச்சிட்டு அடுத்த கவர எடுத்தாரு. யாருக்கோ காதுவலி சரியானது. யாரும் கேக்கல. பின்னால காலனிப் பொம்பளைக இருக்க பக்கம் நான் திரும்பிப் பாக்கல. பாக்க முடியல.

இவ எந்திரிச்சா. ஆராதனை நடுவுல பொம்பளைக எந்திரிச்சுப் பேசுத வழக்கம் எங்க ஊர்ல கிடையாது. எந்திரிச்சு நின்னா. "இந்த ஸ்தோத்திரத்துல எனக்குப் பங்கு இல்ல. சுவர எடுக்கணும்னுதான் நான் நிக்கேன். அதுல மனசில்லாதவங்க எனக்கு ஓட்டுப் போட வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு, இருந்த எடத்துல உக்காரல. நடுவழியா நேர நடந்து பின்னால போயி பாக்கியத்தாய் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. என்னத் தாண்டித்தான் போனா. சேலை என் தோள்ல பட்டுச்சு. என்னப் பாக்கல.

உபதேசியார் மேல எனக்கு இன்னும் வருத்தந்தான். ஒரு மனுசன் படிச்சுப் பாத்துட்டு வாசிக்க வேண்டாமா?

மத்தியானம் வீட்ல சண்டைக்குத் தயாரா இருந்தேன். பதிலெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். இவ சோறு போட்டா, கொழம்பு ஊத்தினா, அப்பளம் வச்சா. "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்"னா. மறுநாள் பாத்தா, மிச்சம் இருந்த போஸ்டர்ல என் படம் இருக்க பக்கத்தக் கத்தரிக்கோல் வச்சு வெட்டி எடுத்துட்டு, பாதியத்தான் ஒட்டிருக்காளுவ. ஊரு பூராவும் பாதிப் போஸ்டர். வெட்டின பாதி எங்க போச்சுன்னுகூட எனக்குத் தெரியாது.

ஓட்டு நாள் வந்துச்சு. தலைவர் பதவிக்கு ரோஸ் கலர் சீட்டு. மறைப்புக்குள்ள போயி நின்னேன். முத்திரைக் கட்டை கையில இருக்கு. மூக்குக்கண்ணாடி ரெண்டாவது படம். கட்டைய வச்சுக்கிட்டு நின்னேன் பாத்துக்கிடுங்க, எவ்வளவு நேரம்னு தெரியல. வெளிய ஆபீசர் "சீக்கிரம் பெரியவரே"ன்னாரு. அப்படியே மடிச்சேன். ஒண்ணுலயும் குத்தல. பெட்டியில போட்டுட்டு வந்துட்டேன். அவ்வளவு கோவம் எனக்கு. யாரு மேலன்னு கேட்டா அதுதான் சொல்லத் தெரியல.

முப்பத்தேழு ஓட்டுல தோத்தா. முப்பத்தேழு! என் ஒரு ஓட்டுல என்ன வந்துரப் போவுது? நான் குத்தியிருந்தா முப்பத்தாறு. தோல்வி தோல்விதான? இதை நான் யார்ட்டயும் சொன்னதில்ல அண்ணாச்சி, உங்கள்ட்டத்தான் சொல்லுதேன். இறங்கிப் போயிருவிய, நம்ம ஊருப் பக்கம் வரவா போறிய? என் ஒரு ஓட்டுல ஒண்ணும் இல்ல. நான் எத்தன தடவ கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல.

ஒண்ணு சொல்லணும். காலனி ஓட்டு முழுசும் அவளுக்குத்தான் விழுந்துச்சு. மேலத்தெருவுலயும் கொஞ்சப் பொம்பளைக ஓட்டு விழுந்திருக்குன்னு சொல்லுதாங்க, யாருன்னு தெரியாது. தோத்த அன்னிக்கு ராத்திரி வீட்ல ஒரே கூட்டம். பீடிப் பொம்பளைக அழுதாளுவ. இவ எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டுவந்து வச்சா.

சரி, தோத்தாச்சு, விட்டுர வேண்டியதுதான? சம்சாரம் ஜெயிச்சபெறவு தனசிங் விடுதானா? மூணாவது வாரமே கல்லு மணல் கொண்டு இறக்கிட்டான். சுவர இன்னும் ரெண்டடி ஒசத்தப் போறானாம். அதுக்கு மேலதான் இவ இந்த மனுவ எடுத்தா. தாலுகாவுல ஒரு ஆபீசர் சொல்லிருக்காரு, "மேலத்தெருவுலேருந்து, அதுவும் கமிட்டியில இருக்கவங்க, ஒரு ஆளாவது சம்மதம்னு கையெழுத்துப் போட்டாத்தான் இத எடுத்துப் பேச முடியும்மா. இல்லேன்னா ரெண்டு தெருச் சண்டைன்னு மூடி வச்சிருவாங்க"ன்னு. இது அவ எங்கிட்டச் சொன்னது இல்ல. பாக்கியத்தாய்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தா, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன்.

கமிட்டியில அஞ்சு பேரு. நாலு வீட்டுக்குப் போனா. நாலு பேரும் மாட்டேன்னுட்டாங்க. ஏசுவடியான், என் கூடப்பொறந்தவன், நாயக் கட்டாம விட்டுட்டான். அஞ்சாவது நானு. தெனம் சாயங்காலம் கால் வீங்கி வருவா. காகிதக் கட்ட மேசையில வைப்பா, கால் கழுவுவா, கஞ்சி குடிப்பா, படுத்துக்கிடுவா. நான் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு எதுக்க உக்காந்திருப்பேன். இன்னிக்குக் கேப்பா, இன்னிக்குக் கேப்பான்னு. ஒரு மாசம். கேக்கல.

மேசையிலதான இருந்துச்சு, நீயா எடுத்துப் போட்டா என்னன்னு உங்களுக்குத் தோணும். அது எப்படி அண்ணாச்சி? கேக்காம எப்படிப் போட? கேட்டாப் போட்டிருப்பேனான்னா... தெரியல. போட்டா என் தம்பி எனக்கு இல்ல. கமிட்டி இல்ல. மேலத்தெருவுல எவனும் என்கூட முகம் குடுத்துப் பேசமாட்டான். எங்க அம்மா கல்லறைத் தோட்டத்துல அந்தக் கேட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கா, அவ பக்கத்துல ஒரு எடம் எனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். அதக் குடுக்க விடுவானுவளா?

பாத்தியளா, திரும்பவும் சாவிய ஆட்ட ஆரம்பிச்சிட்டேன். இந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது. வீட்ல சொல்லுவா, "அதக் கொஞ்சம் கீழ வையுங்க"ன்னு. இப்ப சொல்லுததில்ல.

இது எந்த ஸ்டாப்பு? அதுக்குள்ள இங்க வந்துட்டமா? அப்ப இன்னும் நாலு ஸ்டாப்பு. கலெக்டர் ஆபீஸ்ல அவ இறங்கிருவா. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி, ஒரு டீ குடிச்சிட்டு, அடுத்த வண்டியில திரும்பிரலாம்னுதான் வந்தேன். இல்ல, எதுக்கு வந்தேன்னு உண்மையிலேயே எனக்குத் தெரியல. அவ வாசல்ல செருப்பப் போட்டா, நானும் சட்டையப் போட்டுட்டேன்.

மனுவ வாங்குத ஆபீசர் முதல்ல கையெழுத்துத் தாளத்தான் பாப்பாரு. மேலத்தெரு ஆள் யாரும் இல்லையான்னு கேப்பாரு. இவ "இல்ல"ம்பா. பொய் சொல்லத் தெரியாது. அவங்க அத வாங்கி ஒரு கட்டுல வச்சிருவாங்க. கார்த்திகைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. ஓடையில தண்ணி வந்துரும்.

அண்ணாச்சி, ஒரு நிமிசம். ஏப்பா, பச்சச் சட்டை! உன்னத்தான். முன்னால வெள்ளச் சேலை கட்டின அம்மா இருக்காவள்லா, அவங்க பையில ஒரு காகிதக் கட்டு இருக்கும், அத ஒரு நிமிசம் பின்னால குடுக்கச் சொல்லுப்பா. அப்படியே முன்ன ஆளுட்டச் சொல்லு, டிக்கெட்டுக்குக் காசு கை மாத்துத மாதிரி. யாரு கேக்கான்னு கேட்டா, கமிட்டிச் செயலாளர் கேக்காருன்னு... வேண்டாம், வேண்டாம். அருமைநாயகம் கேக்கான்னு சொல்லு. அவ்வளவு போதும்.

சேதி போயிட்டா? சொல்லிட்டாங்களா? எனக்கு ஆள் மறைக்கு, நீங்க கொஞ்சம் எட்டிப் பாருங்க. திரும்பலயா? திரும்பமாட்டா. எனக்குத் தெரியும். பையத் தொறக்காளா? இல்லையா? நான் கேட்டதே தப்பு. பஸ்ல வச்சு இப்படி மானத்த... தொறக்காளா! சரி. சரி. வருது பாருங்க. ஏ தாயி, கசக்காமக் குடுங்க, நனஞ்ச கையோட தொடாதீங்க. மனு அது.

கையில வாங்குங்க அண்ணாச்சி, நான் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிடுதேன். மேல்தாளு மனு, அதத் திருப்புங்க. அடுத்ததுல பேரு, தெரு, கையெழுத்துன்னு கட்டம் போட்டிருப்பா, அவ எப்பவும் ஸ்கேல் வச்சுத்தான் போடுவா. ஒண்ணாம் நம்பர்ல அவ பேரு இருக்கும். நல்லாப் பாருங்க. ரெண்டாவதா? ரெண்டாம் நம்பர்லதான் சுகிர்தம்னு இருக்கா? அப்ப ஒண்ணாம் நம்பர்ல யாரு?

யாரும் இல்லையா?

குடுங்க, நான் பாக்கேன்.

காலியாத்தான் இருக்கு. "1"ன்னு போட்டு, தெருவுக்கு நேர "மேலத்தெரு, கமிட்டி"ன்னு அவளே எழுதிருக்கா. பேரு எழுதல. மை மங்கிப்போயிருக்கு, பாத்தியளா? இது நேத்து விட்ட எடம் இல்ல அண்ணாச்சி. மொத நாளே விட்டிருக்கா. அந்த நாலு பேரு வீட்டுக்கும் இந்தக் காலி எடத்தோடதான் போயிருக்கா. ஒரு மாசமா இது என் மேசையில கெடந்திருக்கு. ஒரு தடவ மேல்தாளத் திருப்பிப் பாத்திருந்தா...

பேனா வச்சிருக்கியளா? மூடியக் கழட்டிக் குடுங்க. டிரைவர் தம்பி, கொஞ்சம் மெதுவாப் போப்பா, முன்னால பாலம் வருது, ஆட்டும்! நான் சொன்னா எங்க கேக்கான். உங்க முழங்கால்ல வச்சுக்கிடட்டுமா? மன்னிச்சுக்கிடுங்க.

இந்தா, ஆச்சு. கோணலாத்தான் போயிட்டு, பரவாயில்ல, என் கையெழுத்துதான்னு தெரியும். கீழ கொஞ்சம் எடம் இருக்கு. ரெண்டு வரி எழுதலாம்னு கை வருது. கார்த்திகையில நடந்தது, கவர், அந்த ரோஸ் கலர் சீட்டு. வேண்டாம். காரணம் ஒண்ணும் எழுதல அண்ணாச்சி. பேரு மட்டுந்தான்.

ஏ பச்சச் சட்டை, இந்தா, முன்னால குடு. பொறு, பொறு. ஜன்னலெல்லாம் தொறந்து கெடக்கு, காத்துல பறந்துரும். கனமா எதையாவது வச்சுச் சுருட்டணும். உங்கள்ட்ட ஒண்ணும் இல்லையா? சரி, இந்தச் சாவிய உள்ள வச்சுச் சுருட்டிருதேன். கொத்துலேருந்து கழட்ட வர மாட்டேங்குது, பாருங்க, எத்தன வருசமாக் கெடக்கு... வந்துட்டு.

கொண்டு போ. பத்திரம், கீழ போட்டுராத. என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? கனத்துக்குத்தான் வச்சேன்.